ஜெர்மன் உச்சரிப்பு: தமிழ்ல எழுதி வச்சுப் படிக்கலாமா கூடாதா? (ஏ1 ஆளுங்க உள்ள வாங்க)

கடைசிபெஞ்சு:
வணக்கம் மக்களே. ஜெர்மன் கோர்ஸ்ல ஏ1, அதான் முதல் லெவல், இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். கிராமர் கூட ஒரு மாதிரி ஓடுது, வாயைத் திறந்தாதான் டீச்சர் நிறுத்திடறாங்க. நன்றிக்கு "டாங்கெ" சொன்னா "ஆ இவ்ளோ நீளம் இல்ல, க இன்னும் கெட்டியா"ங்கறாங்க. நான்-ங்கறதுக்கு "இஷ்" சொன்னாலும் இல்ல, "இக்" சொன்னாலும் இல்ல, அப்ப நடுவுல என்னதான் இருக்குன்னு புரியல. கூடப் படிக்கறதுல பாதிப் பேரு புக்ல ஒவ்வொரு வார்த்தை மேலயும் பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சுக்கறாங்க, நானும் அதான் பண்றேன், டீச்சர் பார்த்தா அழிக்கச் சொல்றாங்க. அது ஏன் தப்பு? நம்ம எழுத்துல தான் எழுதினதை அப்படியே படிக்கலாமே? இது போக இசட், ஆர், ரெண்டு புள்ளி வச்ச எழுத்து எல்லாமே தகராறுதான். தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க, எக்ஸாம்ல பேரை ஸ்பெல் பண்ணச் சொல்வாங்களாம், அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

முகில்வண்ணன்:
டீச்சர் சொன்னது பாதி சரி. உயிரெழுத்துக்குத் தமிழ் மாதிரி கைகொடுக்கற எழுத்து கிடையாது, மெய்யெழுத்துக்குத் தமிழ் மாதிரி காலை வாரிவிடற எழுத்தும் கிடையாது.

முதல்ல நல்லது. ஜெர்மன்ல குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். "ஷ்டட்"னா நகரம், "ஷ்டாட்"னா அரசு. "பெட்"னா கட்டில், "பேட்"னா தோட்டத்துப் பாத்தி. "ஒஃபன்"னா திறந்திருக்கு, "ஓஃபன்"னா அடுப்பு. "மிட்டெ" நடு, "மீட்டெ" வாடகை. நமக்கு இதெல்லாம் அல்வா. எப்ப குறில் எப்ப நெடில்னு எழுத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிடலாம்: பின்னாடி மெய் ரெட்டையா வந்தா குறில், உயிரெழுத்துக்குப் பின்னாடி எச் வந்தா நெடில், உயிரே ரெட்டையா வந்தாலும் நெடில். அந்த எச்சுக்கு சத்தமே கிடையாது, போறதுக்கு "கேஹென்"னு மூச்சு விட்டுப் படிக்காதீங்க, அது "கேஅன்", வேகத்துல "கேன்". அதே மாதிரி எம் ரெண்டு இருக்கேன்னு "கொம்ம்மன்"னு அழுத்தவும் வேணாம், அந்த ரெட்டை எழுத்து முன்னாடி இருக்கற உயிர் குறில்னு காட்டற அடையாளம், அவ்ளோதான்.

இப்ப வில்லங்கம். தமிழ்ல மெல்லினத்துக்குப் பின்னாடி வர்ற வல்லினம் தானா இளகிடும். தங்கம், வண்டி, பந்து, தம்பி, எதைச் சொன்னாலும் அங்க வர்ற க, ட, த, ப எல்லாம் குழைஞ்சுதான் வரும், நாம யோசிக்கறதே இல்ல. ஜெர்மன்ல அப்படி இளகாது. உங்க "டாங்கெ"ல க தங்கத்துல வர்ற க, அவங்களுக்கு வேண்டியது பக்கத்துல வர்ற க்க. "டங்க்கெ"னு எழுதிப் படிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட வந்துடும்.

இது சும்மா அழகுக்கு இல்ல. வாத்துக்கும் முடிவுக்கும் ஜெர்மன்ல ஒரே ஒரு சத்தம்தான் வித்தியாசம், ரெண்டையும் தமிழ்ல எழுதினா "என்டெ" தான். பேரனுக்கும் தேவதைக்கும் அதே கதை. பேரன் "எங்க்கல்". தேவதை "எஙல்", அதுல க-வே கிடையாது, வெறும் ங. அங்ஙனம்-னு சொல்றப்போ வருதே அந்த ங. பாடறதுக்கு "ஸிஙன்", விரலுக்கு "ஃபிஙர்" எல்லாம் இதே ங தான். புக்ல "எங்கல்"னு எழுதி வச்சிருந்தீங்கன்னா பேரனும் இல்ல தேவதையும் இல்ல.

சும்மாஒருத்தன்:
முகில் சார் ரொம்ப பயமுறுத்தறாரு 😄 நான் பி1 (மூணாவது லெவல்) முடிச்சதே தமிழ்ல எழுதி வச்சுத்தான். ப-ன்னு எழுதி அது பந்துல வர்ற ப-ன்னா கீழ ஒரு கோடு போடுவேன், பல்லுல வர்ற ப-ன்னா கோடு இல்ல. குண்டு-க, டப்பா-ட, தம்பில நடுவுல வர்ற ப எல்லாத்துக்கும் கோடு. வாத்து கோடு இல்லாத ட, முடிவு கோடு போட்ட ட. முடிஞ்சுது மேட்டர். முதல் மாசமே புது எழுத்து புது சத்தம் ரெண்டையும் ஒண்ணா தலைல ஏத்தினா யாருக்கும் ஏறாது, ஒரு ஊன்றுகோல் வேணும்.

முகில்வண்ணன்:
கோடு போடற அளவுக்குக் காதுல வித்தியாசம் விழுந்துடுச்சுன்னா அப்புறம் தமிழ் எழுத்தே தேவையில்லையே, அதான் என் பாயின்ட். கோடு போடாதவங்கதான் நூத்துக்குத் தொண்ணூறு. ஆனா ஐடியா நல்லாருக்கு, எழுதித்தான் ஆகணும்னா இப்படி எழுதுங்க.

ஒண்ணு விட்டுட்டேன், கடைசில வர்ற எழுத்து. ஜெர்மன்ல வார்த்தை முடிவுல குண்டு-க, டப்பா-ட, பந்து-ப எது வந்தாலும் கெட்டியாயிடும். நாய்க்கு எழுத்துல டப்பா-ட இருக்கும், வாய்ல "ஹுன்ட்", டீ-ல வர்ற ட. நாளுக்கு "டாக்". நாட்கள்னு பன்மை ஆக்கினா க உடனே குழைஞ்சுடும், ஏன்னா இப்ப அது கடைசி இல்ல. நாம என்ன பண்றோம், "ஹுண்டு"ங்கறோம். ட-வும் இளகிடுச்சு, கூட ஒரு குற்றியலுகரம் வேற ஒட்டிக்கிச்சு. பஸ்ஸு, காரு, லைட்டு மாதிரி. நல்லதுக்கு "கூட்"டோட நிறுத்தணும், "கூட்டு" வரைக்கும் போயிடக்கூடாது. ஒவ்வொரு வார்த்தையையும் கதவை டப்புன்னு சாத்தற மாதிரி மெய்யோட மூடுங்க, இது ஒண்ணை சரி பண்ணாலே பாதி ஆக்சென்ட் குறையும்.

சூரிச்காத்து:
வணக்கம், நான் சுவிஸில இருக்கிறன். ட எண்டு எல்லாரும் எழுதுறியள், அதுதான் முதல் பிழை. தமிழ் ட-வுக்கு நாக்கு மேல மடிஞ்சு போகும், டொச்சில, அதாவது ஜெர்மனில, நாக்கு மடியாது, மேற்பல்லுக்குச் சற்று பின்னால முரசில தொடும், ன சொல்லேக்க நாக்கு எங்க நிக்குதோ அங்க. த-வும் இல்லை ட-வும் இல்லை. எங்கட ஆக்களுக்கு இது லேசு, ஏனெண்டா நாங்கள் வெற்றி, காற்று எண்டு சொல்லேக்க ற்ற-வை அந்த இடத்திலதான் சொல்லுறனாங்கள். நாங்கள் ரீவி எண்டு எழுதுறதைப் பாத்து நீங்கள் சிரிப்பியள், ஆனா அந்த ரீ-தான் டொச்சுக்கு வேணும் 😀 உங்களுக்கு வராட்டி ன்ன்ன் எண்டு இழுத்துப்போட்டு நாக்கை எடுக்காமல் அப்பிடியே அதே இடத்தில வச்சு அந்த ட-வைச் சொல்லிப் பாருங்கோ. ஹுண்ட் எண்டு மூண்டு சுழி ண போடாமல் ஹுன்ட் எண்டு ரெண்டு சுழி போட்டு எழுதினா கண்ணுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும், ஆனா நாக்கு சரியான இடத்துக்குப் போகும்.

கடைசிபெஞ்சு:
அடடா, ன்ன்ன் ட்ரிக் சூப்பர். இப்பவே அம்மா என்னடா முனகறேன்னு கேக்கறாங்க. "இஷ்" மேட்டர் யாராவது?

வெண்பாவாசகி:
அது நான் சொல்றேன், எனக்குப் பிடிச்ச சத்தம் 🙂

சி-யும் எச்-சும் சேர்ந்து வந்தா ஜெர்மன்ல ரெண்டு சத்தம். ஆ, ஓ, ஊ, ஔ இதுக்கெல்லாம் பின்னாடி வந்தா தொண்டைலேர்ந்து வரும். அகம், பகல்-னு சாதாரணமா பேசறப்போ க எப்படி தொண்டைல உரசிக்கிட்டு வருது, அதுல குரலை எடுத்துட்டு வெறும் காத்தா விடுங்க. புத்தகம் "பூஃக்", ராத்திரி "நஃக்ட்", கூரை "டஃக்". மத்த எல்லா இடத்துலயும், அதாவது இ, எ, ஐ, ரெண்டு புள்ளி வச்ச உயிர்கள், எல் என் ஆர் மாதிரி மெய்கள் இதுக்கெல்லாம் பின்னாடி மெல்லிசா வரும். அதுதான் உங்க "இஷ்"க்கும் "இக்"குக்கும் நடுவுல இருக்கறது.

அதைப் பிடிக்க வழி: "நாய்" சொல்லி கடைசி ய்-யை இழுங்க, ய்ய்ய்ய்னு. நாக்கோட நடுப்பகுதி மேல எழும்பி நிக்குதா? நாக்கை ஒரு இம்மி கூட நகத்தாதீங்க. குரலை மட்டும் நிறுத்திட்டு மூச்சை விடுங்க. ஹ்ய்ய்னு ஒரு காத்து வரும், அவ்ளோதான். முன்னாடி ஒரு இ சேர்த்தா "இஹ்ய்". உதட்டைக் குவிச்சீங்கன்னா ஷ் ஆயிடும், அதனால லேசா சிரிக்கற மாதிரி உதட்டை வச்சுக்கோங்க. சர்ச்சுக்கு "கிர்ஹ்யெ", செர்ரிப் பழத்துக்கு "கிர்ஷெ", இந்த ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்லிப் பழகுங்க.

இன்னொரு அழகு, ஒரே வார்த்தை பன்மைல சத்தம் மாறும். கூரை "டஃக்" தொண்டைல, கூரைகள் "டெஹ்யர்" மேல. புள்ளி வந்ததும் உயிர் முன்னாடி நகருது, கூடவே சி-எச்-சும் முன்னாடி நகருது. இதை விதியா மனப்பாடம் பண்ணவே வேணாம், வாய் தானா அங்க போகும்.

இதுல மாட்டாத விதிவிலக்கு ஒண்ணு, ஆறு. ஆறுக்கு "ஸெக்ஸ்", சி-எச்-எஸ் சேர்ந்தா க்ஸ். ஆனா பதினாறு "ஸெஹ்ய்ட்ஸேன்", அறுபது "ஸெஹ்ய்ட்ஸிஹ்ய்". ஆறை வச்சு பதினாறை ஊகிச்சு "ஸெக்ஸ்ட்ஸேன்"னு சொல்லாத ஸ்டூடன்ட்டை நான் பார்த்ததே இல்ல.

கடைசிபெஞ்சு:
ஆறுல முதல் எழுத்து ஸ-வா? இசட் மாதிரி ஸ்ஸ்னு அதிரணும்னு டீச்சர் சொன்னாங்களே.

வெண்பாவாசகி:
ஆமா, உயிருக்கு முன்னாடி வர்ற எஸ் அதிரும், தேனீ ரீங்கரிக்கற மாதிரி. தமிழ்ல அதுக்கு எழுத்து இல்ல, அதான் ஸ போட்டேன். முகில் சார் ஜெயிச்சுட்டாரு.

வியன்னாவாசி:
ஒரு நிமிஷம். வடக்க சொல்ற ஜெர்மன்ல அதிரும். இங்க ஆஸ்திரியாவுல, பவேரியா பக்கமும், பெரும்பாலும் அதிராது, சாதா ஸ தான். டிவி நியூஸ் வாசிக்கறவங்க கூட அப்படித்தான். இருபதுக்கு வடக்க "ட்ஸ்வன்ட்ஸிஹ்ய்", இங்க "ட்ஸ்வன்ட்ஸிக்". அதனால எஸ் அதிரலன்னு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

ஆனா இசட்ல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, அது எந்த ஊர்லயும் "ட்ஸ்" தான். பீட்சா சொல்றப்போ நடுவுல வருதே அது. நேரம் "ட்ஸைட்", ரயில் "ட்ஸூக்", பத்து "ட்ஸேன்". "ஸேன்"னு சொன்னா முன்னாடி இருக்கறவருக்கு அது பார்க்கறதுன்னு கேக்கும். கடைசில டி-ஐ-ஓ-என் வந்தாலும் அதே ட்ஸ் தான், "இன்ஃபொர்மட்ஸியோன்", "ஷன்" கிடையவே கிடையாது.

எந்தக் கடைக் கதவுலயும் ரெண்டு வார்த்தை எழுதியிருக்கும், இழுக்கறதுக்கு "ட்ஸீஅன்", தள்ளறதுக்கு "ட்ர்-க்கன்", அந்தக் கோடு போட்ட இடத்துல புள்ளி வச்ச யூ. உ-ன்னு சொன்னா தள்ளறது போயி பிரின்ட் பண்றதாயிடும். ரெண்டு வார்த்தையும் ஒழுங்கா சொல்ல வந்துட்டா இசட்டும் வந்துச்சு, புள்ளியும் வந்துச்சு.

கடைசிபெஞ்சு:
அந்தப் புள்ளி எழுத்து எப்படிங்க சொல்றது, உ-வும் இல்ல இ-யும் இல்லங்கறாங்க.

வெண்பாவாசகி:
நாக்கு ஒண்ணு சொல்லணும் உதடு வேற சொல்லணும். நாக்கை ஈ-ல வைங்க, ஈஈஈன்னு இழுத்துக்கிட்டே உதட்டை மட்டும் ஊ-வுக்குக் குவிங்க. நாக்கு பின்னாடி ஓடப் பார்க்கும், விடாதீங்க, நுனி கீழ்ப்பல்லைத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும். வர்றதுதான் புள்ளி வச்ச யூ. அதே மாதிரி ஏஏஏ-ன்னு இழுத்து உதட்டை ஓ-வுக்குக் குவிச்சா புள்ளி வச்ச ஓ. "ஷோன்"னா ஏற்கனவே, அதே வார்த்தை புள்ளியோட வந்தா அழகு. "முட்டர்"னா அம்மா, புள்ளி வச்சா அம்மாக்கள். புள்ளி வச்ச முதல் எழுத்து சுலபம், சத்தம் எ அல்லது ஏ, அதுல நமக்கு வேலையே இல்ல. கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணுங்க, உதடு குவியுதான்னு பார்க்க அதான் வழி. நாம தமிழ் பேசறப்போ உதட்டை அவ்வளவா அசைக்கறதில்ல, ஜெர்மன் பேசறப்போ வெக்கப்படாம அசைக்கணும்.

சும்மாஒருத்தன்:
ஆர் பத்தி யாருமே பேசல, நான் சொல்றேன். எல்லாரும் தொண்டைல கொப்பளிக்கற மாதிரி பண்ணச் சொல்வாங்க, இருமல்தான் வரும். விடுங்க. நம்ம நாக்கு நுனி ர-வே போதும், பவேரியாவுல, ஆஸ்திரியாவுல, சுவிஸ்ல நிறையப் பேரு அப்படித்தான் சொல்றாங்க.

முகில்வண்ணன்:
இது கரெக்ட். 1898-ல தியோடோர் ஸீப்ஸ் நாடக மேடைக்குன்னு உச்சரிப்பு விதி தொகுத்தப்போ நாக்கு நுனி ர-வைத்தான் சரின்னு வச்சார். இன்னைக்குத் தொண்டை ர பரவலாயிடுச்சு, ஆனா நுனி ர தப்பு இல்ல.

சூரிச்காத்து:
ர எந்த ர எண்டது பிரச்சினை இல்லை, எங்க சொல்லக்கூடாது எண்டதுதான் பிரச்சினை. சொல்லுக் கடைசியில ஈ-யும் ஆர்-உம் வந்தா ர-வே கேக்காது, குட்டி அ மாதிரி முடியும். மேல தங்கச்சி "முட்டர்" எண்டு எழுதினவா, வாயில அது "முட்ட" எண்டு அ-வில முடியிறது. பியர் "பீய", மணிக்கூடு "ஊஅ". எங்கட ஆக்கள் "முட்டர்ர்ர்" எண்டு உருட்டுவினம், ஆர் வாற ஒவ்வொரு இடத்திலயும் உருட்டிக்கொண்டே இருந்தா டொச்சுக்காரருக்கு விளங்க நேரமெடுக்கும்.

"பிட்டெ" எண்டா தயவுசெய்து, "பிட்ட" எண்டா கசப்பு. முன்னதில கடைசி எ, பாதி விழுங்கின எ, பின்னதில அ. இந்த வித்தியாசம் காதில விழுந்தாத்தான் அவன், அவள், பன்மை எல்லாம் விளங்கும், டொச்சில கிராமர் முழுக்க சொல்லின்ர வாலிலதான் இருக்குது. இஞ்ச சுவிஸ் ஜெர்மன் வேற கூத்து, "இஹ்ய்" எண்டதையே தொண்டையால உரசித்தான் சொல்லுவினம், அதை நீங்கள் இப்ப கேட்டுக் குழம்ப வேண்டாம்.

முகில்வண்ணன்:
அண்ணன் சொன்னது தங்கமான பாயின்ட். அதோட உடம்படுமெய்யையும் சொல்லிடறேன், இதை எந்த ஜெர்மன் புக்லயும் பார்க்க முடியாது ஏன்னா இது நமக்கே உரிய வியாதி. நாம பேச்சுல ஏழுங்கறதை "யேழு"ன்னும் ஒண்ணுங்கறதை "வொண்ணு"ன்னும் சொல்றோம். அதே பழக்கத்துல ஜெர்மன்ல சாப்பிடறதை "யெஸ்ஸன்"னும் அடுப்பை "வோஃபன்"னும் சொல்லிடறோம். ரெண்டு வார்த்தை சேர்ந்தா கேக்கவே வேணாம், எத்தனை வயசுன்னு கேக்கறப்போ "வீ அல்ட்" போயி "வீயல்ட்" ஆயிடும். ஜெர்மன்காரங்க உயிர்ல ஆரம்பிக்கற வார்த்தைக்கு முன்னாடி தொண்டையை ஒரு நொடி மூடித் திறப்பாங்க, டக்குனு. "வீ | அல்ட்". வார்த்தை நடுவுல கூட வரும், முடிக்கறதுக்கு "பெ | என்டன்", ரெண்டு ஈ பக்கத்துல இருக்கறதைப் பார்த்து "பீன்டன்"னு படிச்சா ஒருத்தருக்கும் புரியாது.

அழுத்தமும் இருக்கு. தமிழ்ல எந்த அசையை அழுத்தினாலும் அர்த்தம் மாறாது, அதனால நம்ம காது அதைக் கண்டுக்கறதே இல்ல. "உம்ஃபாரன்"னு ஒரு வினைச்சொல், உம்-ல அழுத்தினா ஒரு ஆளை இடிச்சுத் தள்ளறது, ஃபா-ல அழுத்தினா அந்த ஆளைச் சுத்திக்கிட்டு வண்டியை ஓட்டறது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போறவங்க இதை மட்டுமாவது கத்துக்கோங்க.

பொதுவா முதல் அசையை அழுத்துங்க. பெ, கெ, ஃபெர் மாதிரி முன்னொட்டு வந்தா அதை விட்டுட்டு அடுத்தது.

சும்மாஒருத்தன்:
😂😂 சரி சார் சரண்டர்.

கடைசிபெஞ்சு:
பேரு ஸ்பெல் பண்றது யாராவது சொல்லுங்க ப்ளீஸ், எக்ஸாம் அதுலதான் ஆரம்பிக்குமாம்.

வியன்னாவாசி:
கதே இன்ஸ்டிட்யூட் ஏ1 ஸ்பீக்கிங்ல முதல் பார்ட்டே அறிமுகம், அதுலதான் பேரையோ ஊரையோ ஸ்பெல் பண்ணச் சொல்வாங்க, ஒரு நம்பரும் கேப்பாங்க, பெரும்பாலும் போன் நம்பர். எல்லாரும் இங்கிலீஷ் ஞாபகத்துலயே மாட்டறாங்க. ஜெர்மன்ல முதல் எழுத்து "ஆ", அஞ்சாவது எழுத்து "ஏ", ஒன்பதாவது எழுத்து "ஈ". இங்கிலீஷ்ல முதல் எழுத்தே ஏ, அஞ்சாவது ஈ, அதனால நீங்க ஒண்ணு சொல்லுவீங்க அவங்க ஒண்ணு எழுதுவாங்க. ஜே "யோட்", வி "ஃபவ்", டபிள்யூ "வே", இசட் "ட்ஸெட்", ஒய் "இப்ஸிலொன்", அந்த முதல் இ-யை உதட்டைக் குவிச்சு சொல்லணும். விஜயான்னு ஒரு பேரு வச்சுக்கோங்க: ஃபவ், ஈ, யோட், ஆ, இப்ஸிலொன், ஆ. உங்க பேரைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு உருப்போடுங்க, மத்த எழுத்து அப்புறம் பார்த்துக்கலாம்.

போன்ல சொல்றப்போ புரியலன்னா ஊர் பேரு சேர்த்துச் சொல்வாங்க. முன்னாடி அன்டோன் மாதிரி ஆள் பேரு, 2022-ல டிஐஎன் 5009-ங்கற ஜெர்மன் தர விதியை மாத்தி ஊர் பேரு ஆக்கிட்டாங்க, ஆ-வுக்கு ஆஹென், பே-வுக்கு பெர்லின், யோட்டுக்கு யேனா. பழக்கதோஷத்துல பழைய பேரைச் சொல்றவங்கதான் இன்னும் அதிகம். நம்பர்ல ரெண்டும் மூணும் "ட்ஸ்வை", "ட்ரை"ன்னு ஒரே மாதிரி கேக்கும்ங்கறதால ரெண்டை "ட்ஸ்வோ"ன்னும் சொல்வாங்க, கேட்டா முழிக்காதீங்க.

வி-யும் டபிள்யூவும் சொல்லிடறேன்: வி பெரும்பாலும் ஃப, அப்பா "ஃபாட்ட", நாலு "ஃபீய". டபிள்யூ தான் வ. "ஃபோல்க்ஸ்வாகன்"ல ரெண்டுமே இருக்கு. வீடியோ, வாஸெ (பூச்சாடி) மாதிரி வெளிலேர்ந்து வந்த வார்த்தைகள்ல மட்டும் வி அப்படியே வ.

கடைசிபெஞ்சு:
ஆஹென்ல வர்ற ஹெ, வெண்பா அக்கா சொன்ன விதிப்படி ஆ-வுக்குப் பின்னாடி தொண்டை சத்தம்தானே?

வெண்பாவாசகி:
ஆமா, "ஆஃகன்". பிடிச்சுட்டீங்களே!

கடைசிபெஞ்சு:
😎 கடைசியா ஒண்ணு. வீட்ல யாருக்கும் ஜெர்மன் தெரியாது, சரியா சொல்றேனான்னு யாரு சொல்லுவா? போன்ல வாய்ஸ் டைப்பிங்கை ஜெர்மனுக்கு மாத்திட்டுப் பேசிப் பார்க்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு.

முகில்வண்ணன்:
பண்ணலாம், ஆனா வாக்கியமா பேசினா அது சந்தர்ப்பத்தைப் பார்த்து ஊகிச்சு சரியா போட்டுடும், நீங்க தப்பா சொன்னாலும். தனி வார்த்தையா சொன்னாலும் ஜாஸ்தி புழங்கற வார்த்தையைத்தான் போடப் பார்க்கும், அதனால "வாத்து"ன்னு சொல்லி "முடிவு"ன்னு வந்தா உடனே மனசு உடையாதீங்க. அதை விட நல்லது, டூடன் இணைய அகராதியில நிறைய வார்த்தைக்கு ஸ்பீக்கர் பட்டன் இருக்கு, அமுக்கிக் கேட்டு உங்க குரலை போன்ல ரெக்கார்ட் பண்ணி ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. சொந்தக் குரலைக் கேக்கக் கூச்சமாத்தான் இருக்கும். ஃபோர்வோ தளத்துல ஒரே வார்த்தையைப் பல ஊர்க்காரங்க சொல்றதைக் கேக்கலாம், வியன்னாவாசி சொன்ன ஸ வித்தியாசம் அங்க நல்லாத் தெரியும். "டொய்ச்செ வெல்லெ"ங்கற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தோட நிதானமா வாசிக்கற செய்தி இப்ப உங்களுக்கு ஹெவி, அவங்களோடதே "நிகோஸ் வேக்"னு ஏ1-லேர்ந்து போற இலவச கோர்ஸ் இருக்கு, அதுல ஒரு சீனை எடுத்து கூடவே பேசிப் பழகுங்க.

சூரிச்காத்து:
தம்பி, ரெக்கோர்ட் பண்ணினா இதில போடும், நாங்கள் கேட்டுச் சொல்லுறம். வாத்து, முடிவு, பேரன், தேவதை இந்த நாலும் போதும், எது எது எண்டு சொல்லாமல் கலந்து போடும், நாங்கள் கண்டுபிடிக்கிறமோ பாப்பம்.

கடைசிபெஞ்சு:
சரிண்ணா, நைட்டு போடறேன்.